ஓடி வென்ற அணி, தோற்கும் நாளில் மட்டும் ஏன் எறிகிறது?

ஊதாக்காகம் கேட்கிறார்:

நான் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் ரசிகன். ஆகவே நான் எழுதுவதில் மனத்தாங்கல் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனாலும் என் கேள்வி, தரைவழி ஆட்டத்தை, அதாவது பந்தை எறியாமல் கையில் ஏந்தி ஓடுவதை, நம்பிக் கட்டப்பட்ட எந்த அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

2019ஆம் ஆண்டுப் பருவத்தில் எங்கள் அணி பந்தோடு ஓடியே 3,296 யார்டு எடுத்தது. 1978இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்த 3,165 யார்டு அதுவரை சாதனையாக இருந்தது. தாக்குதலை நடத்தி, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் ஒருவரே 1,206 யார்டு ஓடினார். 16 ஆட்டங்களில் 14இல் வென்றோம். அப்படிப்பட்ட அணி 2020 ஜனவரியில் டென்னசி டைட்டன்ஸிடம் 28-12 என்று தோற்ற இரவில் ஜாக்சன் 59 முறை பந்தை எறிந்தார். எதிரணிக் குவார்ட்டர்பேக் ரையன் டானஹில் எறிந்ததோ 14 முறைதான். மீதி வேலையை அவர்களுடைய ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) டெரிக் ஹென்றி 195 யார்டு ஓடி முடித்துவிட்டார். இடைவேளையின்போது நாங்கள் 14-6 என்றுதான் பின்தங்கியிருந்தோம். ஒரு டச் டவுனும் (எதிரணியின் முடிவுக்கோட்டைக் கடந்து எடுக்கும் ஆறு புள்ளி) அதையடுத்த ஓர் இரண்டு புள்ளி முயற்சியும் கைகூடினால் சமமாகிவிடும் இடைவெளி அது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 28 அன்று, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை எங்கள் மைதானத்திலேயே எதிர்கொண்டோம். அந்தப் பருவத்திலும் லீகிலேயே அதிக தூரம் ஓடிய அணி எங்களுடையதுதான். இடைவேளையில் 17-7, ஆட்ட முடிவில் 17-10. இரண்டாம் பாதியில் சீஃப்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் ஆட்டம் முழுவதிலும் எங்கள் ரன்னிங் பேக்குகளின் கையில் பந்து கொடுக்கப்பட்டது ஆறே முறை. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் முதல் முறை கிரெக் ரோமன், இரண்டாம் முறை டாட் மங்கன். தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஹார்பா இரண்டு ஆட்டத்திலும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டத்தை முதன்மையாகக் கொண்ட அணி பின்தங்கும்போது எறிவது தவிர்க்க முடியாததா, அல்லது பருவம் முழுவதும் பழகியதைப் பதற்றத்தில் கைவிடும் பயிற்சியாளரின் பிழையா? இன்னும் நேராகக் கேட்டால், இக்காலத்தில் ஓட்டத்தை முன்னிறுத்தி அணி அமைப்பதே மடமையா?

எண்கணக்கன் பதில்:

நண்பரே, நீங்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள். வென்ற அணிகள் அதிகம் ஓடியிருப்பதாகப் புள்ளிவிவரத் தாளில் தெரிவது உண்மை. ஆனால் அவை முன்னிலை பெற்றபின், நேரத்தைக் கரைப்பதற்காகக் கடைசிக் கால் பகுதியில் ஓடியதால்தான் அந்த எண்ணிக்கை ஏறுகிறது. மழை நின்றபின் குடையை மடக்கியவர்களைப் பார்த்து, அவர்கள் மடக்கியதால்தான் மழை நின்றது என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான், அதிகம் ஓடியதால் வென்றார்கள் என்பதும்.

அடிப்படைக் கணக்கு எளிமையானது. லீக் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஓட்டத்துக்குக் கிடைப்பது நான்கு யார்டுக்குச் சற்று மேல். எவர் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தவற்றையும் சேர்த்தே ஓர் எறிதலுக்கு ஏறத்தாழ ஏழு யார்டு கிடைக்கிறது. எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டு இழக்கும் தூரத்தைக் கழித்தாலும் அது ஆறை ஒட்டியே நிற்கும். எறிந்தால் மூன்று நடக்கலாம், அவற்றில் இரண்டு கெட்டவை என்று அந்தக் காலத்துக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்துச் சட்டத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். 1978இல் சட்டம் மாறியது. பந்தைப் பெறப்போகும் ஆட்டக்காரரை ஐந்து யார்டுக்கு அப்பால் தற்காப்பாளர் இடிக்கக் கூடாது என்று விதித்தார்கள். எறிபவருக்கு முன் நின்று தடுக்கும் லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். 2004இல் அதே ஐந்து யார்டு விதியைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துமாறு நடுவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். சட்டமே எறிபவர் பக்கம் சாய்ந்துவிட்ட ஆட்டத்தில் ஓட்டத்தை முதலில் வைப்பவர் தானே முன்வந்து ஒரு கையைக் கட்டிக்கொள்கிறார்.

முதலில் ஓட்டத்தை நிலைநாட்டினால்தான், ஓடுவதுபோலப் பாசாங்கு காட்டி எறியும் பிளே-ஆக்‌ஷன் பலிக்கும் என்பது தொலைக்காட்சி வர்ணனையில் வாரந்தோறும் ஒலிக்கும் வாசகம். ஆட்டத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஓர் அணி அன்று எத்தனை முறை ஓடியது என்பதற்கும் பிளே-ஆக்‌ஷன் எவ்வளவு பலித்தது என்பதற்கும் தொடர்பு காணவில்லை. தற்காப்பின் நடு வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்கள் பழக்கத்தால் ஏமாறுகிறார்கள். அதற்கு முன்னதாக இருபது முறை ஓடிக் காட்டத் தேவையில்லை.

இனி உங்கள் 2020 ஆட்டத்துக்கு வருகிறேன். நான்காம் டவுனில் (பத்து யார்டு முன்னேறத் தரப்படும் நான்கு முயற்சிகளில் கடைசியில்) ஒரு யார்டு மட்டும் தேவைப்பட்ட இரண்டு தருணங்களிலும் ரேவன்ஸ் ஓடியே முயன்றது. இரண்டு முறையும் ஜாக்சன் தடுக்கப்பட்டார். முதல் முறைக்குப் பின் டானஹில் 45 யார்டு தூரத்துக்கு எறிந்து டச் டவுன் எடுத்தார். இரண்டாம் முறைக்குப் பின் ஹென்றி 66 யார்டு ஓடி, சற்று நேரத்தில் தாமே குதித்து எறிந்து ஒரு டச் டவுனுக்கு வழி செய்தார். ஆக, ஓட்டத்தை நம்பியே இரண்டு முறை சறுக்கினீர்கள். மூன்றாம் கால் பகுதி முடிவதற்குள் 28-6 ஆகிவிட்ட பிறகு எறியாமல் வேறென்ன செய்வது?

பழைய ஆயிலர் பதில்:

எண்கணக்கன் அவர்களின் கணக்கில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. அது கடிகாரம். எறிந்த பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். எல்லைக் கோட்டுக்குள் ஓடி வீழ்ந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கு) முன் ஏறத்தாழ 40 நொடியைச் சும்மா கரைக்கலாம். சராசரி யார்டு என்ற ஒற்றை அளவுகோலால் அளந்தால், நான்கு யார்டோடு சேர்ந்து கிடைக்கும் அந்த 40 நொடி எந்தப் பத்தியிலும் பதிவாவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் ஆயிலர்ஸ் அணிதான் எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தது. ரன் அண்ட் ஷூட் என்ற பாணியில் ஆடிய அணி அது. தடுப்பதற்கு உதவும் டைட் எண்டும் கிடையாது, ஃபுல்பேக்கும் கிடையாது. எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் நால்வர் பரந்து நிற்க, குவார்ட்டர்பேக் வாரன் மூன் எறிந்துகொண்டே இருப்பார். பார்ப்பதற்குத் தீபாவளி வாணவேடிக்கை போல இருக்கும். 1993 ஜனவரி 3 அன்று பஃபலோவில் நடந்த பிளே-ஆஃப் (பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்று) ஆட்டத்தில் இடைவேளைக்கு 28-3 என்று முன்னிலை பெற்றோம். அடுத்த பாதி தொடங்கியதும் அது 35-3 ஆயிற்று. பஃபலோவின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி காயத்தால் ஆடவில்லை. அவருக்கு மாற்றாக வந்திருந்தவர் ஃபிராங்க் ரைக். விடுதியில் என்னோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சமைக்கப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது ஆட்டம் சமமாகிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரத்தில் 41-38 என்று தோற்றோம். மூன் அன்று 50 முறை எறிந்து 36 முறை வெற்றி கண்டார். எண்ணிக்கையைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் 32 புள்ளி முன்னிலையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் கரைக்கத் தெரியாத அணிக்கு அந்த எண்ணிக்கையால் என்ன பயன்?

அடுத்த பருவத்தில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக வந்த பட்டி ரையனுக்கு இந்தப் பாணியே பிடிக்காது. தாக்குதல் அணி எறிந்து எறிந்து விரைவில் வெளியேறுவதால் தம்முடைய தற்காப்பாளர்கள் ஓய்வின்றி மீண்டும் மீண்டும் களத்தில் இறங்கி அடிபடுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. 1994 ஜனவரி 2 அன்று நியூயார்க் ஜெட்ஸுடனான ஆட்டத்தில், நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, தம் அணியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கெவின் கில்பிரைடின் முகத்தை நோக்கிக் குத்துவிட்டார். ஓடுவதா எறிவதா என்ற விவாதம் கைகலப்பில் முடிந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். (கில்பிரைடு பின்னாளில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் இருந்து இரண்டு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) வென்றார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.)

அந்தப் பஃபலோ ஆட்டத்துக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரியில், சூப்பர் பவுல் ஹூஸ்டனுக்கே வந்தது. அட்லாண்டா ஃபால்கன்ஸ் பேட்ரியட்ஸைவிட 28-3 என்று முன்னிலை பெற்றபோது அந்த எண்ணைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. 28-12 ஆகியிருந்த நிலையில், மூன்றாம் டவுனில் ஒரு யார்டு மட்டும் தேவைப்பட்டபோது ஃபால்கன்ஸ் எறியப் போய், குவார்ட்டர்பேக் மாட் ரையன் கையில் இருந்த பந்து பறிபோயிற்று. அது 28-20 ஆன பின்பும் வாய்ப்பு இருந்தது. ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக் கோட்டோரம் பிடித்த அற்புதமான பந்தால் எதிரணியின் 22 யார்டுக் கோட்டை அடைந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே மீதி. மூன்று முறை ஓடிவிட்டு, மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோல் அடித்திருந்தால் 31-20. எதிரணிக்கு இரண்டு முறை புள்ளி எடுக்க வேண்டிய கட்டாயம். ஒரு முறை ஓடினார்கள், ஒரு யார்டு இழந்தார்கள். பிறகு எறியப் பார்த்தார்கள். குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டு 12 யார்டு இழந்தார்கள். அடுத்து ஒரு தடுப்புத் தவற்றுக்குப் பத்து யார்டு தண்டனை. கடைசியில் பந்தை உதைத்து எதிரணியிடமே கொடுத்தார்கள். ஆட்டம் கூடுதல் நேரத்தில் 34-28 என்று கை மாறியது. அன்று ஓடுவதா எறிவதா என்று ஒவ்வொரு முறையும் தீர்மானித்தவர், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கைல் ஷனஹன்.

ஊதாக்காகம் அவர்களுக்கு ஒரு செய்தி. 2020இல் உங்களை ஓடியே வென்ற டைட்டன்ஸ் வேறு யாருமல்லர். 1997இல் டென்னசிக்குக் குடிபெயர்ந்த எங்கள் ஆயிலர்ஸ்தான். பாடத்தைத் தாமதமாகக் கற்றார்கள், அதுவும் ஊரைவிட்டுப் போன பிறகு.

லைன்மேனின் அப்பா பதில்:

என் மகன் பென்சில்வேனியாவில் உயர்நிலைப் பள்ளி அணிக்கு நான்கு ஆண்டுகள் லைன்மேனாக ஆடினான். வெள்ளிக்கிழமை இரவுதோறும் குளிரில் உட்கார்ந்து, பந்து போகும் திசையைப் பார்க்காமல் அவன் கால்களையே பார்த்துக் கொண்டிருந்ததால் எனக்கு இந்த ஆட்டம் உள்ளிருந்து வெளியே விளங்கியது. அந்த இடத்தில் இருந்து பார்த்தால், ஓடுவதா எறிவதா என்று பயிற்சியாளர் வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வருவது பாதி விடைதான். மீதியை எதிரணி சொல்கிறது.

ஐந்து லைன்மேன்களும் ஒரு டைட் எண்டும் நின்றால் நமக்குத் தடுப்பவர்கள் ஆறு பேர். அவர்களுக்கு எதிரே, ரசிகர்கள் பாக்ஸ் என்று சொல்லும் அந்த இடத்தில், எதிரணி ஆறு பேரை நிறுத்தினால் ஆளுக்கு ஆள் சரியாகப் போகும். ஓடுபவர் நான்கைந்து யார்டு எடுப்பார். எட்டுப் பேரை நிறுத்தினால் இருவரைத் தடுக்க ஆளில்லை. ஆனால் அந்த இருவர் பின்னால் இருந்து வந்தவர்கள் என்பதால் அங்கே வெற்றிடம் உண்டாகிறது, எறிய வேண்டியதுதான். குவார்ட்டர்பேக் தாமே ஓடக் கூடியவரானால் கணக்கு இன்னும் மாறும். ஓரத்தில் நிற்கும் ஒரு தற்காப்பாளரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிட்டு, அவர் ரன்னிங் பேக்கின் மீது பாய்ந்தால் பந்தைத் தாமே வைத்துக்கொண்டு ஓடுவார். பாயாவிட்டால் பந்தைக் கொடுத்துவிடுவார். ஒருவரைத் தடுக்காமலே தடுத்துவிட்டதாக ஆகிறது. ரேவன்ஸின் 3,296 யார்டு அங்கிருந்துதான் வந்தது. ஆடு புலி ஆட்டத்தில் புலி எந்த முனையில் நிற்கிறது என்று பார்க்காமல் ஆட்டை நகர்த்துபவர் எவருமில்லை. இங்கே மட்டும் கொள்கை பேசுகிறோம்.

ஒரே பயிற்சியாளரின் இரண்டு இறுதி ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 ஜனவரியில் டான் ஷூலாவின் மயாமி டால்பின்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸை 24-7 என்று வென்று சூப்பர் பவுலை எடுத்தபோது குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி ஆட்டம் முழுவதிலும் எறிந்தது ஏழே முறை. லாரி சோங்கா 145 யார்டு ஓடினார். அதே ஷூலா 1984இல் டான் மரீனோ என்ற இளைஞரிடம் ஆட்டத்தை ஒப்படைத்தார். அவர் அந்த ஒரே பருவத்தில் 5,084 யார்டு எறிந்தார். தம் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்று எவரும் ஷூலாவைப் பழிக்கவில்லை. கையில் இருந்த ஆளுக்கு ஏற்ப ஆடினார். ஆனால் 1985 ஜனவரி சூப்பர் பவுலில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸிடம் 38-16 என்று தோற்றபோது மயாமி ஓடியது ஒன்பதே முறை, எடுத்தது 25 யார்டு. எதிரணிக்கு ஓட்டத்தைப் பற்றிய அச்சமே இல்லாததால் ஆட்களை எல்லாம் பின்னுக்கு அனுப்பி மரீனோவின் பாதைகளை அடைத்துவிட்டார்கள். எண்கணக்கன் அவர்களே, சராசரி ஏழு யார்டு என்பது எதிரணி ஓட்டத்துக்கும் சேர்த்துக் காவல் வைக்கும்போது கிடைக்கும் சராசரி. அந்தக் காவல் நீங்கினால் அதே ஏழு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இனி எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு இன்னும் எவரும் எடுக்காத ஆட்டத்துக்கு வருகிறேன். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளென்டேல். சூப்பர் பவுலில் சியாட்டில் சீஹாக்ஸ் பேட்ரியட்ஸைவிட 28-24 என்று பின்தங்கி, ஒரு யார்டுக் கோட்டில், இரண்டாம் டவுனில் நிற்கிறது. 26 நொடி மீதி. கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் ஒன்றுதான் உண்டு. அன்று 102 யார்டு ஓடியிருந்த மார்ஷான் லிஞ்சிடம் பந்தைக் கொடுக்காமல் ரஸ்ஸல் வில்சன் எறிந்தார்; மால்கம் பட்லர் என்ற, டிராஃப்டில் (ஆண்டுத் தேர்வில்) எந்த அணியும் தேர்ந்தெடுக்காத முதலாண்டு ஆட்டக்காரர் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டார். சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரல் அன்று முதல் மூடராகிவிட்டார்.

நான் கேரலுக்கு வக்காலத்து வாங்குவேன், பாதி அளவுக்கு. 26 நொடியில் ஒரே டைம் அவுட்டை வைத்துக்கொண்டு மூன்று முறை ஓட முடியாது. இரண்டு முறைதான் முடியும். மூன்று வாய்ப்பும் வேண்டுமானால் ஒன்றையாவது எறிந்தாக வேண்டும், ஏனெனில் பந்து விழுந்தால் கடிகாரம் தானே நின்றுவிடும். பழைய ஆயிலர் ஐயா சொன்ன அதே கடிகாரம்தான். அவருக்கு ஓட்டத்தின் பக்கம் பேசிய அது, கேரலுக்கு எறிதலின் பக்கம் பேசியது. எதிரே பேட்ரியட்ஸ் நிறுத்தியிருந்ததும் ஓட்டத்தை அடைப்பதற்கான கனத்த வரிசை. அதோடு ரிசீவர்களைப் பின்தொடரும் கார்னர்பேக்குகள் மூவர். ஆகவே எறியத் தீர்மானித்ததில் பிழை காண மாட்டேன். எறிந்த இடத்தில்தான் பிழை. கோட்டின் நடுப்பகுதியை நோக்கி, ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், முன்னால் இருப்பவர் தடுக்கத் தவறினால் பறிபோகக் கூடிய பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். பேட்ரியட்ஸின் பிராண்டன் பிரவுனர் முன்னால் நின்றவரை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார், பட்லருக்கு வழி திறந்துவிட்டது. குவார்ட்டர்பேக்கை ஓரமாக ஓடவிட்டு, எறி அல்லது வெளியே வீசிவிடு என்று சொல்லியிருந்தால் அடுத்த இரண்டு டவுன்களில் லிஞ்ச் ஓடியிருக்கலாம்.

பழைய ஆயிலர் ஐயாவுக்கு ஒரு கூடுதல் செய்தி. அந்த எறிதலுக்கு முந்தைய டவுனில் லிஞ்சை ஒரு யார்டு முன்பாக வீழ்த்தியவர் பேட்ரியட்ஸின் டோன்டா ஹைடவர். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹூஸ்டனில் மாட் ரையனின் கையில் இருந்து பந்தைத் தட்டிவிட்டவரும் அவரே. 2015இல் சியாட்டிலின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராகவும் 2017இல் அட்லாண்டாவின் தலைமைப் பயிற்சியாளராகவும் இரண்டு முறையும் தோற்ற பக்கத்தில் நின்றவர் டான் குவின். சிலருக்கு வாய்க்கும் பொழுது அப்படி.

ஊதாக்காகம்:

எல்லோருக்கும் நன்றி. 2020 ஆட்டத்தைப் பற்றி எண்கணக்கன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 28-6 என்ற பின் வேறு வழியில்லை. ஆனால் 2024 ஆட்டத்தில் எங்கள் பின்னடைவு பத்துப் புள்ளியைத் தாண்டவே இல்லை. லைன்மேனின் அப்பா சொல்லும் பாக்ஸ் கணக்குப்படி பார்த்தாலும், சீஃப்ஸ் ஆட்டம் முழுவதும் எட்டுப் பேரையா நிறுத்தி வைத்திருந்தது? அவர்கள் ஓட்டத்தை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை, நாங்களே நிறுத்திக்கொண்டோம். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2024இல் ஓடியே வென்றார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

லைன்மேனின் அப்பா:

ஈகிள்ஸைப் பற்றிக் கேட்டால் நான் நடுநிலையாகப் பேச முடியாது. நான் அந்தப் பக்கத்து ஆள். இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தப் பருவத்தில் முதல் நான்கு ஆட்டங்களில் இரண்டைத் தோற்றார்கள். பிறகு ஓட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்; மீதி 13 ஆட்டங்களில் 12இல் வென்றார்கள். ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார். இதற்குக் காரணம் பழங்காலப் பிடிவாதம் அன்று. எறிதலுக்கு அஞ்சிய தற்காப்புகள் சில ஆண்டுகளாக இரண்டு சேஃப்டிகளை (கடைசிக் காவலர்களை) ஆழத்தில் நிறுத்தி, கனத்த லைன்பேக்கர்களுக்குப் பதிலாக மெலிந்த, வேகமான ஆட்களைக் கொண்டுவந்திருந்தன. பாக்ஸில் ஆள் குறைந்தது. எல்லோரும் எறிதலுக்குக் காவல் வைத்த காலத்தில் ஓட்டம் மலிவாகக் கிடைத்தது, வாங்கிக்கொண்டார்கள். வெற்றிகளுக்கு நடுவிலும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. டிசம்பரில் கரோலினாவை 22-16 என்று வென்ற பிறகு, எதில் மேம்பட வேண்டும் என்று கேட்டதற்கு ரிசீவர் ஏ.ஜே. பிரவுன் ஒரே சொல்லில் எறிதலைக் குறிப்பிட, ஊரே ஒரு வாரம் அதைப் பேசித் தீர்த்தது.

2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் சீஃப்ஸ் பார்க்லியை அடைத்தே தீருவது என்று வந்தார்கள், அடைத்தும்விட்டார்கள். 25 முறை ஓடி அவர் எடுத்தது 57 யார்டுதான். குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 22 முறை எறிந்து 17 முறை வெற்றி கண்டு 221 யார்டு எடுத்தார், ஆட்டம் 40-22. பருவம் முழுவதும் ஓடி வந்த அணி கடைசி நாளில் எறிந்து வென்றது. உங்கள் தலைப்புக்கு நேர் எதிரான நிகழ்ச்சி. ஆனால் பார்க்லி 57 யார்டுதான் எடுத்தார் என்பதற்காக அவருக்குப் பந்து கொடுப்பதை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த 25 ஓட்டங்களும் சீஃப்ஸின் ஆட்களை முன்னாலேயே பிடித்து வைத்தன. 2024 ஜனவரியில் உங்கள் அணி செய்யத் தவறியது அதைத்தான். ரன்னிங் பேக்குகளுக்கு ஆறு முறை மட்டும் பந்து கொடுத்தால் எதிரணி எதற்காக முன்னால் ஆள் வைக்க வேண்டும்? ஹார்பாவின் மீது எனக்கு மதிப்பு உண்டு; இருந்தாலும் அந்த ஆட்டத்துக்கு நான் அவர் பக்கம் பேச மாட்டேன்.

எண்கணக்கன்:

சீஃப்ஸ் ஆட்டத்தைப் பற்றி நானும் வாதாட வரவில்லை. ஆறு முறை என்பது எந்தக் கணக்குக்கும் பொருந்தாது. ஆனால் அந்த ஆட்டத்தின் நான்காம் கால் பகுதியில் ரேவன்ஸ் ரிசீவர் சே ஃப்ளவர்ஸ் கோட்டருகே பந்தை நழுவவிட்டதும், ஜாக்சன் எறிந்த பந்து எண்ட் சோனில் (முடிவுக்கோட்டுக்கு அப்பால்) பறிபோனதும் இல்லாதிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். வென்றிருந்தால் அதே ஆறு முறையைத் துணிச்சல் என்று பாராட்டியிருப்போம்.

பார்க்லியைப் பற்றி ஒரு சொல். 2023இல் ஜயன்ட்ஸ் அணிக்காக அவர் எடுத்தது 962 யார்டு, ஓர் ஓட்டத்துக்கு 3.9. அடுத்த ஆண்டு ஈகிள்ஸில் 2,005 யார்டு, ஓர் ஓட்டத்துக்கு 5.8. கால்கள் அவருடையவைதான், முன்னால் நின்ற ஐவர் மாறினார்கள். ஆகவே ஓட்டத்தை முன்னிறுத்துவது என்றால் ரன்னிங் பேக்குக்குப் பணத்தைக் கொட்டுவது என்று பொருள் கொள்ளும் நிர்வாகங்களைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

லைன்மேனின் அப்பா:

அந்தக் கடைசிப் பத்தியைச் சட்டம் போட்டு என் மகனின் அறையில் மாட்டப் போகிறேன்.

பழைய ஆயிலர்:

ஊதாக்காகம் தம்பி, 2020இல் உங்களை அடித்த ஹென்றியையே 2024இல் உங்கள் ஊர் அழைத்துக்கொண்டது. அவர் 1,921 யார்டு ஓடினார், ஜாக்சன் 41 டச் டவுன் எறிந்தார். ஓட்டமும் எறிதலும் இரண்டும் இருந்தன. ஆனாலும் 2025 ஜனவரியில் பஃபலோவுக்குப் போய் 27-25 என்று தோற்றீர்கள். கடைசியில் சமன் செய்ய வேண்டிய இரண்டு புள்ளி எறிதல் மார்க் ஆண்ட்ரூஸின் கையில் பட்டு நழுவியது. அந்த மைதானத்தில் இருந்து அப்படித் தோற்று வருவது எப்படியிருக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.